அன்றைக்குச் சொல்லாமல் விட்டது

மஸாஹிருக்கு இந்த வேலை கிடைத்தது அவர் துவக்குச் சுடுவதில் கெட்டிக்காரர் என்பதால் அல்ல. இன்றுவரை அவர் தன் ஆசைக்கு ஒரு வெடி வைத்ததில்லை. வேலை கிடைத்தது உதைபந்தாட்டத்தால்.

பதினெட்டு வருடம் புத்தளத்து மைதானங்களில் மத்தியஸ்தராக ஓடியவர் அவர். பந்து என்றால் எங்கள் ஊரில் பெரியவர்களுக்கும் புத்தி மாறிவிடும். தொழுகையில் தோளோடு தோள் நின்றவர்களே பின்னேரம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று மத்தியஸ்தரின் வாப்பாவையும் உம்மாவையும் இழுப்பார்கள். மஸாஹிர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, விசிலை ஊதி, கையை நீட்டி, அடுத்த வேலையைப் பார்ப்பார். முழங்கால் சவ்வு கிழிந்து ஓட்டம் நின்றபோது அவருக்கு நாற்பது வயது. அதே நேரம் எத்தாளைப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய சூட்டுக் கழகத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. சுடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று, யாராக இருந்தாலும் “நிறுத்து” என்று சொல்லக்கூடிய ஆள்.

மஸாஹிரின் பெயரைச் சொன்னவர் செய்னுலாப்தீன் ஹாஜியார். கழகத்துக்கு நிலம் கொடுத்தவரும் அவர்தான்.

தென்னைகள் முடிந்து உவர் தரை தொடங்கும் இடத்தில் அந்த மைதானம் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே ஐந்து மேசைகள். மேசைகளுக்கு மூன்று எட்டுப் பின்னால் ஒரு மஞ்சள் கயிறு. முன்னால் குறி அட்டைகள் மாட்டிய ஐந்து பலகைகள். அதற்கப்பால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் அணை. அதன் பின்னால் ஆளில்லாத வெளி. அனுமதிப்பத்திரம் உள்ள தோட்டக்காரர்களும் கமக்காரர்களும் தங்கள் துவக்கைக் கொண்டுவந்து சுட்டுப் பார்ப்பார்கள். சனிக்கிழமைகளில் வெளியாட்களும் வரலாம். கழகத்தின் சின்ன ரைஃபிளால், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, பத்துத் தோட்டா சுடலாம்.

மஸாஹிருக்குத் தொழில் பழக்கியவர் சிலாபத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற சார்ஜன்ட், ஜயதிலக்க. மூன்று மாதம் பழக்கினார். சிங்களத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விஷயம்தான்.

“அட்டையப் பாக்காத. அட்டை எங்கயும் ஓடாது. கையப் பாரு. விரல் எங்க இருக்கு, குழல் எந்தப் பக்கம் பாக்குது, அது மட்டும் பாரு.”

அப்படியே மஸாஹிர் கையைப் பார்க்கப் பழகினார். கொஞ்ச நாளில் முகம்கூட அவருக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. சந்தையில் யாராவது வந்து கதைத்தால், ஆள் யாரென்று நினைவு வருவதற்கு முன்னால் அவர் துவக்கை எப்படிப் பிடிப்பார் என்பது நினைவுக்கு வரும்.

பிழை செய்கிறவர்கள் பல மாதிரி. கொழும்பிலிருந்து வந்த ஒரு இளைஞன், தோட்டா நிரப்பிய ரைஃபிளோடு அப்படியே திரும்பி, கயிற்றுக்குப் பின்னால் நின்ற கூட்டாளிகளைப் பார்த்துப் படம் எடுக்கச் சொன்னான். ஒரு கடைக்காரர் எப்போதும் விசையில் விரலை வைத்துக்கொண்டே கதைப்பார். ஒரு புது மாப்பிள்ளை, “பயமா?” என்று கேட்டு வெறும் துவக்கைப் பெண்சாதியின் பக்கம் நீட்டினான். வெறும் துவக்குத்தானே என்று பிறகு வாதாடினான்.

இவர்களிடம் மஸாஹிர் சத்தம் போடுவதில்லை. சத்தம் கேட்டால் மனிதன் திரும்பிப் பார்ப்பான். அவனோடு சேர்ந்து குழலும் திரும்பும். பக்கவாட்டில் போய், ஒரு கையைத் தோளிலும் மற்றக் கையைக் குழலுக்குப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொல்லுவார்.

“துவக்க மேசையில வைங்க. கைய எடுங்க. பின்னால வாங்க.”

அந்த மூன்றும் நடக்கும்வரை வேறு கதை கிடையாது. காரணம், விளக்கம், கோபம் எல்லாம் கயிற்றுக்குப் பின்னால். அன்றைக்கு அவர்களுக்கு மறுபடி துவக்கு கிடையாது. பந்து விளையாட்டில் மஞ்சள் அட்டை காட்டிவிட்டு விளையாட விடலாம். இங்கே அது இல்லை. அந்த இளைஞன் போகும்போது காறித் துப்பிவிட்டுப் போனான். புது மாப்பிள்ளை, தனக்கு மந்திரியைத் தெரியும் என்றான். மஸாஹிர் பதிவுப் புத்தகத்தில் நாள், நேரம், பெயர், நடந்தது எல்லாம் எழுதி ஒப்பம் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான்கு வருடம் அப்படிப் போனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மஸாஹிருக்குத் தன் மேல் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. முகம் பார்த்து நடக்கிற ஆள் தான் இல்லை என்று நினைத்திருந்தார்.

செய்னுலாப்தீன் ஹாஜியார் அப்போது எழுபத்துநாலைத் தொட்டிருந்தார். வனாத்தவில்லுப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் பன்றித் தொல்லை. அதற்காக நாற்பது வருடமாக ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று வைத்திருந்தார், நடுவில் மடித்துத் திறந்து தோட்டா போடுகிற வகை. மாதம் இரண்டு சனிக்கிழமை மைதானத்துக்கு வருவார். எப்போதும் ஐந்தாம் மேசைதான். வெள்ளைச் சேர்ட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, நிதானமாக நின்று சுடுவார். அவர் விரல் ஒருநாளும் விசையில் சும்மா கிடந்ததில்லை. புதிதாக வருகிறவர்களிடம் மஸாஹிர், “அந்தா, ஹாஜியாரப் பாருங்க” என்று காட்டுவதுண்டு.

இவர்கள் இருவருக்கும் இடையில் இன்னொன்றும் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது மஸாஹிருக்குப் பத்து வயது. நாற்பது குடும்பங்களுக்குக் கொட்டில் போட இடம் விட்டது ஹாஜியாரின் வாப்பாவுடைய தென்னந்தோட்டம். கிணற்றுத் தண்ணீரும் அவர்களுடையது. பிறகு தில்லையடியில் காணி, வீடு, கலியாணம், மூன்று பிள்ளைகள் என்று எல்லாம் வந்தன. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் யாரைக் கண்டாலும் மஸாஹிர் இருக்கிற கதிரையை விட்டு எழும்பிவிடுவார். யாரும் எழும்பச் சொன்னதில்லை. கால் தானாக எழும்பும்.

கடந்த வருடம் பெப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெயில் ஏறுவதற்கு முன்னான நேரம். சுட்டு முடிந்ததும் மஸாஹிர் விசிலை ஊதினார். விசில் கேட்டால் எல்லாரும் துவக்கைத் திறந்து, வெறுமையாக்கி, மேசையில் வைத்துவிட்டுக் கயிற்றுக்குப் பின்னால் வரவேண்டும். வந்தார்கள். ஹாஜியாரும் வந்தார். மஸாஹிர் ஐந்து மேசைகளையும் பார்த்துவிட்டு நௌஃபருக்குக் கை காட்டினார்.

நௌஃபர் அட்டை மாற்றுகிறவர். முப்பது வயது, மெலிந்த ஆள். மற்ற நாட்களில் களப்பில் வலை போடுவார். பசை டின்னையும் புது அட்டைகளையும் தூக்கிக்கொண்டு பலகைகளை நோக்கி நடந்தார்.

அவர் மூன்றாவது பலகையில் குனிந்து பசை பூசிக்கொண்டிருந்தபோது ஹாஜியார் கயிற்றைத் தாண்டி மேசைக்குப் போனார். துவக்கை எடுத்தார். பையிலிருந்து தோட்டாவை எடுத்துப் போட்டார். மூடினார்.

மஸாஹிர் அவர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தபோது குழல் இன்னும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாஜியார் திரும்பவில்லை. கண் மட்டும் பக்கத்தில் வந்தது. பிறகு முன்னால் பார்த்தார். நௌஃபரின் முதுகைக் கண்டார். துவக்கைத் திறந்து, தோட்டாவை எடுத்து, மேசையில் வைத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை.

மஸாஹிரும் பேசவில்லை. சிரித்தார். “கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்” என்பதுபோல் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். வேறு யாரும் கவனிக்கவில்லை. நௌஃபர் திரும்பி வந்து, “நானா, நாலாவது பலகைட ஆணி கழன்டிருக்கு” என்றார். ஹாஜியார் அடுத்த சுற்றும் சுட்டார். ஐந்தில் நாலு நடுவில் விழுந்தது.

அன்றைக்கு மஸாஹிர் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். நாளையும் நேரத்தையும் எழுதினார். பிறகு, சம்பவம் இல்லை என்று எழுதினார்.

அதை எழுதும்போது தான் பொய் எழுதுவதாக அவருக்குத் தோன்றவில்லை. எதுவும் நடக்கவில்லைதானே. வயதான மனிதர், ஒரு நிமிடம் கவனம் பிசகிவிட்டது. நாலு பேருக்கு முன்னால் அவரை நிறுத்தி அனுப்புவதா? அவர் வாப்பா தந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் அதைச் செய்வதா? இனி நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன், அது போதும் என்று முடிவெடுத்தார். அதற்குப் பிறகு ஹாஜியார் வந்த இரண்டு தரமும் ஐந்தாம் மேசைக்குப் பின்னாலேயே நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தரம் ஹாஜியார் அவருக்கு ஒரு பை மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றாம் தரம் முதலாம் மேசையில் ஒரு வெளியாளின் ரைஃபிளில் தோட்டா சிக்கிக்கொண்டது. சனிக்கிழமைகளில் பயிற்றுநராக நிற்கும் சார்ஜன்ட் அன்று வரவில்லை. மஸாஹிர் அங்கே போனார். சிக்கலை எடுத்து, ரைஃபிளை வெறுமையாக்கி, அங்கேயே நின்று விசிலை ஊதினார். எல்லாரும் கயிற்றுக்குப் பின்னால் வந்தார்கள். தூரத்தில் ஹாஜியாரின் வெள்ளைச் சேர்ட்டும் பின்னால் வந்து நின்றது. மேசைகளைப் பார்த்தார். நௌஃபருக்குக் கை காட்டினார். பிறகு அந்த வெளியாள் ஏதோ கேட்க, பதில் சொல்லத் திரும்பினார்.

வெடிச் சத்தம் கேட்டது.

மஸாஹிருக்கு அந்த நேரத்தில் நினைவிருப்பது, பசை டின் மணலில் உருண்டு போனதுதான். நௌஃபர் இரண்டாவது பலகைக்குக் கீழே முகங்குப்புறக் கிடந்தார். ஐந்தாவது பலகையின் நடு அட்டை கிழிந்து தொங்கியது. இரண்டுக்கும் இடையில் எட்டுக் காலடி இருக்கும், கூடிப்போனால் ஒன்பது.

முழங்கால் வலியோடு ஓடிப்போய் ஹாஜியாரின் கையிலிருந்து துவக்கை வாங்கித் திறந்து மேசையில் வைத்தார். மற்றவர்களைக் கயிற்றை விட்டு அசையவேண்டாம் என்றார். பிறகுதான் நௌஃபரிடம் போனார். நௌஃபர் தானாக எழும்பி உட்கார்ந்துகொண்டிருந்தார். உடம்பில் ஒரு காயமும் இல்லை. இரண்டு கையும் மணலை அள்ளிப் பிடித்திருந்தன. விரலை விரிக்கச் சொன்னபோது அவருக்கு விரிக்க முடியவில்லை.

ஹாஜியார் மேசைக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“விசில் ஊதினயா மஸாஹிர்?”

“ஓம் ஹாஜியார். ஊதினேன்.”

“எனக்குக் கேக்கல்லயே. அட்டை மாத்தி முடிஞ்சிட்டென்டு நெனச்சேன்.”

செங்கொடியை ஏற்றி மைதானத்தை மூடினார்கள். கழகச் செயலாளர் ஃபைஸல் புத்தளத்திலிருந்து அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். சட்டத்தரணி, வார்த்தைகளை அளந்து பேசுகிற மனிதர். காரியாலய அறைக் கதவைச் சாத்திவிட்டு, பதிவுப் புத்தகத்தை மஸாஹிரின் முன்னால் வைத்தார்.

“கை தவறி வெடிச்சதென்டு எழுதுங்க. அணையில பட்டது, யாருக்கும் காயமில்ல. அவ்வளவு போதும். ஹாஜியார் இனி வரவும் மாட்டார். நான் அவரோட கதைக்கிறேன்.”

மஸாஹிர் எழுதத் தொடங்கினார். ஃபைஸல் எதிரில் நின்று தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்துக்குப் போனபோது கையால் மறித்தார்.

“இது என்ன? பெப்ரவரி மாசம் நடந்ததென்டு என்ன எழுதுறீங்க?”

“அன்டைக்கும் ஹாஜியார் துவக்க எடுத்தவர். நான் கண்டேன். சம்பவம் இல்லயென்டு எழுதி வெச்சிருக்கேன். அது பிழை.”

“அது யாருக்கும் தெரியாதே மஸாஹிர். இத எழுதினா பிழை ஒங்கட பக்கம் வரும்.”

“நௌஃபருக்குத் தெரியா. அவர்தான் முன்னால நின்டவர். அவருக்குத் தெரியணும்.”

ஃபைஸல் கையை எடுத்தார். மஸாஹிர் எழுதி முடித்து, அறைக்கு வெளியே போய், சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நௌஃபரிடம் அதையே வாயால் சொன்னார். நௌஃபர் கடைசிவரை கேட்டார். போத்தலை மூடினார். மூடி சரியாக மாட்டவில்லை. மறுபடி கழற்றி மூடினார்.

“அன்டைக்கும் நான்தான் முன்னால நின்டேன்?”

“ஓம்.”

“எனக்கிட்ட ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே நானா. நான் பாத்து நடந்திருப்பேனே.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வேலைக்கு வரவில்லை; அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

மறுநாள் காலையில் மஸாஹிர் எத்தாளைக்கு ஹாஜியாரின் வீட்டுக்குப் போனார். என்ன சொல்வதென்று பஸ்ஸில் ஒன்றையும் யோசிக்க முடியவில்லை. கதவைத் திறந்தது ஹாஜியாரின் மகள் ஸுஹைரா. பள்ளிக்கூட ஆசிரியை, இரவு தூங்காத முகம்.

“வாங்க. வாப்பா உள்ளுக்கு இரிக்கார். நேத்துலேர்ந்து ஒன்டும் தின்னல்ல.”

ஹாஜியார் ஜன்னலோரம் சாய்வுக் கதிரையில் இருந்தார். ஃபைஸல் முந்தின பின்னேரம் வந்துபோனதாகச் சொன்னார். மஸாஹிரை உட்காரச் சொன்னார். மஸாஹிர் நின்றார். இரண்டாம் தரம் சொன்னபிறகுதான் உட்கார்ந்தார்.

“ஃபைஸல் சொன்னார், நீ ரெண்டு நாளையும் எழுதியிருக்கிறாயாம்.”

“ஓம் ஹாஜியார். மன்னிச்சிக்கோங்க. எழுதாம இரிக்க ஏலாமப் போயிட்டு.”

“அதுக்கு என்னத்துக்கு மன்னிப்பு?” ஹாஜியாரின் குரல் உயரவில்லை. ஆனால் அதில் மஸாஹிர் இதுவரை கேட்டிராத ஒரு கடினம் இருந்தது. “நான் கேக்கிறது வேற. பெப்ரவரியில நீ கண்டாய்தானே?”

“கண்டேன்.”

“ஏன் என்னை நிப்பாட்டி அனுப்பல்ல?”

மஸாஹிர் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார்.

“அந்தக் கொழும்புப் பொடியன அனுப்பினாய். நான் பாத்துக்கிட்டு நின்டேன். அவன் துப்பிட்டுப் போனான், நீ கணக்கெடுக்கல்ல. மஸாஹிரப்போல ஆள் இல்லயென்டு நான் பத்துப் பேருக்கிட்ட சொல்லியிருக்கேன். எனக்கு மட்டும் ஏன் சொல்லல்ல?”

“மரியாதைக்கு ஹாஜியார்.”

“மரியாதைக்கு.” அந்தச் சொல்லை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். “நேத்து அவன் மூணு பலகை தள்ளி நின்டிருந்தா, இன்டைக்கு நான் செத்த ஒருத்தன்ட மையத்துக்குப் போகணும். என்ட கையால. நீ எனக்குத் தந்த மரியாதையால.”

ஸுஹைரா தேநீரோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மஸாஹிரின் முகத்தைப் பார்த்தாள். கோப்பைகளை ஸ்டூலில் வைத்தாள்.

“வாப்பா, நீங்களும் சொல்லுங்க” என்றாள்.

ஹாஜியார் வெளியே பார்த்தார். முற்றத்தில் காயப்போட்டிருந்த தேங்காய்ப் பாதிகளை ஒரு காகம் கொத்திக்கொண்டிருந்தது.

“போன வருசக் கடைசியில இவள் என்னை சிலாபத்துக்குக் கூட்டிட்டுப் போனாள். காது பாக்க” என்றார். “டொக்டர் சொன்னார், கீச்சுச் சத்தங்கள் எனக்கு விழாதாம். நாப்பது வருசம் வெடி வெச்ச காது. ஆக்கள்ட கதை வெளங்கும். பள்ளிப் பாங்கு கேக்கும். குருவி, மணி, விசில், இதெல்லாம் போயிட்டாம். மெஷின் போடச் சொன்னார். நான் போடல்ல. சூட்டு ரேஞ்சுக்குப் போறேன்டும் அவருக்குச் சொல்லல்ல.”

“ஹாஜியார்…”

“பொறு. சொல்லி முடிச்சிடுறேன். பெப்ரவரியில நீ தோளுல கை வெச்சப்ப எனக்கு வெளங்கிட்டு. விசில் கேக்கல்ல, மத்தவங்கட காலப் பாத்துத்தான் நான் இவ்வளவு நாளும் பின்னால வந்திருக்கேன், திரும்ப முன்னால போனது குத்துமதிப்புலதான். அன்டைக்கு நீ ஒரு சொல்லு சொன்னா அதோட விட்டிருப்பேன். நீ சிரிச்சாய். சரி, பெரிய காரியமில்ல போல என்டு நானும் என்னை ஏமாத்திக்கிட்டேன்.”

தேநீர் ஆறிப்போனது. மஸாஹிர் அழவில்லை; அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பெண்சாதி பளீலாவிடம் சொன்னார். ஹாஜியார் பேசி முடித்ததும் மகளைக் கூப்பிட்டு, சட்டை மாற்ற வேண்டும் என்றார். அன்றைக்கே பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் துவக்கை ஒப்படைத்தார். மஸாஹிரையும் கூட வரச் சொன்னார். திரும்பி வந்து இறங்கும்போது ஹாஜியார், “நௌஃபர் வீட்டுக்கு நான் பின்னேரம் போவேன். நீ வராதே. நீ தனியப் போ” என்றார்.

மஸாஹிர் தனியாகப் போனார், நான்கு நாள் கழித்து. நௌஃபர் களப்போரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். வரவேற்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மஸாஹிர் மணலில் உட்கார்ந்தார். கழகம் அவரை ஒரு மாதம் நிறுத்தி வைத்திருப்பதைச் சொன்னார். அது சரியான முடிவு என்றும் சொன்னார்.

“ஹாஜியார் வந்து என்ட கையப் பிடிச்சி அழுதார்” என்றார் நௌஃபர். “அவர்ல எனக்குக் கோபமில்ல நானா. அவருக்குக் கேக்கல்ல. ஒங்களுக்குக் கண் தெரிஞ்சிச்சே.”

“ஓம்.”

“எனக்கு வேலை வேணும். ஆனா ஒங்கட கையப் பாத்து இனி நான் முன்னால போக மாட்டேன். நீங்க நல்லவர்தான். எல்லாரும் நல்லவங்கதான்.” வலையில் ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தார். “மேசைக்கு மேல ஒரு கம்பி போடுங்க. ஒரே நீளக் கம்பி. அஞ்சு துவக்கும் அதுக்குக் கீழ வரணும். பூட்டுப் போடுங்க. திறப்பு எனக்கிட்ட இருக்கணும். நான் திரும்பி வந்து என்ட கையால திறக்கிற வரைக்கும் யாரும் எடுக்க ஏலாது. ஹாஜியாரா இருந்தாலும் ஏலாது, நீங்களா இருந்தாலும் ஏலாது.”

மஸாஹிர் அதை அப்படியே போய்ச் செயற்குழுவில் சொன்னார். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சார்ஜன்ட் ஜயதிலக்க தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இருபது வருடத்துக்கு மேல் படையில் இருந்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று சிங்களத்தில் சொன்னார். தில்லையடியில் ஒரு இரும்பு ஒட்டு வேலைக்காரர் கம்பியைச் செய்து கொடுத்தார். விசிலை விட்டுவிட்டு, கூரையில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிக்கத் தொடங்கினார்கள். அதன் சத்தம் காதுக்கு மட்டுமல்ல, நெஞ்சுக்கும் படும். யாராவது புதிதாக வந்தால் முதலில் அவருக்குக் காது கேட்கிறதா என்று மஸாஹிர் நேரே கேட்பார். சிலர் முகம் சுளிப்பார்கள்.

ஒரு மாதம் முடிந்து மஸாஹிர் வேலைக்குத் திரும்பிய அன்றே நௌஃபரும் வந்தார். முன்னைப்போல் கலகலப்பாகக் கதைப்பதில்லை. அட்டைகளை மாற்றிவிட்டு வந்து, பூட்டைத் திறந்து, திறப்பைத் தன் சேர்ட்டுப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வார். சில சனிக்கிழமைகளில் மஸாஹிரோடு உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிடுவார். சில சனிக்கிழமைகளில் தனியாகச் சாப்பிடுவார். எந்த நாள் எப்படி என்று மஸாஹிர் கேட்பதில்லை.

ஹாஜியார் காதுக்கு மெஷின் போட்டிருக்கிறார். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் சந்தித்தால், உலகம் முழுக்கக் கீச்சுக் கீச்சு என்று இருக்கிறது, இதற்குச் செவிடாகவே இருந்திருக்கலாம் என்பார். தோட்டத்தில் இளந்தென்னைகளைப் பன்றி கிளறிப்போட்டுவிட்டது. இப்போது அங்கே இரண்டு நாய்களோடு ஒரு காவலாளி இருக்கிறார். மஸாஹிர் அவரைக் கண்டதும் இன்னும் எழும்புகிறார். ஒருநாள் ஹாஜியார் தோளைப் பிடித்து அமர்த்தி, “இரு, இரு” என்றுவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

போன மாதம் மைதானத்துக்கு ஒருவர் வந்தார். மஸாஹிரின் மகள் அப்ரா படிக்கிற பள்ளிக்கூடத்தின் அதிபர். நல்ல மனிதர், பிள்ளைக்குப் பரீட்சைக்கு முன்னால் மேலதிக வகுப்பு எடுத்து உதவியவர். சுட்டு முடித்துவிட்டு, அடுத்த மேசைக்காரரிடம் ஏதோ பகிடி சொல்லித் திரும்பினார். ரைஃபிள் குழலும் அவரோடு சேர்ந்து அரை வட்டம் திரும்பியது.

மஸாஹிரின் கை அவர் தோளில் இருந்தது.

“துவக்க மேசையில வைங்க சேர். கைய எடுங்க. பின்னால வாங்க.”

அதிபர் சிரித்தார். “அட மஸாஹிர், தோட்டா முடிஞ்சிட்டு.”

“பின்னால வாங்க சேர்.”

கயிற்றுக்குப் பின்னால் வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. இன்றைக்கு இதோடு முடிந்தது என்று மஸாஹிர் சொன்னார். ஏன் என்பதையும் சொன்னார். எதிரில் நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அது அவருக்கு லேசாக இருக்கவில்லை. அதிபர் காரில் ஏறிப் போனார்.

பின்னேரம் வீட்டில் பளீலா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னார். அவள் கையை நிறுத்தவில்லை.

“அப்ராட ஸ்கூல் அதிபரையா?”

“ஓம்.”

“கோவிச்சிக்கிட்டாரா?”

“கோவிச்சிருப்பார். ஒன்டும் சொல்லல்ல.”

“புத்தகத்துல எழுதினீங்களா?”

“எழுதிட்டேன்.”

அவள் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். உள் அறையில் அப்ரா சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விடப் போகும்போது அதிபரைக் காண வேண்டியிருக்கும் என்று மஸாஹிர் நினைத்தார். சலாம் சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். எதுவானாலும் போகத்தான் வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, கத்தியை எடுத்து மீதி மீனைத் தான் வெட்டத் தொடங்கினார்.